நொறுங்கிய ஒயரும் உப்பளத்துத் தண்ணீரும்

ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது ஒருவர் இருவராக வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். தூத்துக்குடியில் முப்பத்தைந்து வருடம் கடை வைத்திருந்தவன் நான். துறைமுகத்து லாரிகள்தான் எனக்குச் சோறு போட்டன. நன்றாக அமைந்த வேலைகளைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் அதையெல்லாம் கேட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன். கெடுத்தபின் அதை மறைக்கவும் பார்த்தேன். அதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

கடையை மூடுவதற்கு நான்கைந்து வருடம் முன்பு, ஒரு ஏப்ரல் மாதம். காயல்பட்டினத்து மஹ்மூது காக்கா ஒரு காரைக் கொண்டுவந்தார்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர், வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஊரில் இருப்பார். சென்னையில் ஒருவரிடமிருந்து வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம். இரண்டே இரண்டு சீட். என்ஜின் முன்னால் இருக்காது, சீட்டுக்குப் பின்னால், முதுகை ஒட்டினாற்போல் இருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு காருடையது இல்லை.

"நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. அரை மணி நேரம் ஓடுனா செத்துருது. ஆறுனதும் பழையபடி ஸ்டார்ட் ஆயிருது. ரெண்டு பேரு பாத்துட்டாங்க, பிடிபடல," என்றார்.

பின் மூடியைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஒயர் கட்டுக்கும் நடுவில் சூடு தாங்க ஒரு தகடு இருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் யாரோ அதைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டவே இல்லை. வருடக்கணக்கில் அந்த ஒயர் கட்டு சூட்டில் வெந்திருக்கிறது. மூன்று ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சூடேறினால் உள்ளே செம்பு செம்பைத் தொடும், என்ஜின் நிற்கும். அந்த மூன்றையும் வெட்டிப் புது ஒயர் சேர்த்து, ஜாயிண்ட் போட்டு, டேப் சுற்றினேன்.

சுற்றும்போது கட்டைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி, மெல்லிய சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒயர்மேல் இருக்கும் பிளாஸ்டிக் வெந்து விறைத்துப் போயிருக்கிறது, வளைந்தால் வெடிக்கும். அந்தக் கட்டு முழுவதையும் பிரித்தாக வேண்டும். நான்கு நாள் வேலை. அதோடு இன்னொன்றையும் பார்த்தேன். என்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயரில் ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில், முன்னால் வேலை பார்த்த யாரோ வெறும் ஒயரை நேராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

காக்கா என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு வீட்டுக்காரிய இதுல கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. லீவு இன்னும் இருபது நாள்தான் இருக்கு."

அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. ஸ்டார்ட் செய்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. மிச்சத்தை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். அவர் கேட்டு நான் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் வேலை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் விட்டுவிட்டே போயிருப்பார்.

மறுநாள் பதினோரு மணிக்கு போன் வந்தது. முள்ளக்காடு பக்கத்தில், உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் கார் தீப்பிடித்துவிட்டது.

மதியம் மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் முழுக்கக் கரி. அந்தக் கரிமேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மஹ்மூது காக்காவின் சட்டையெல்லாம் புகை நாற்றம். அவர் மனைவி ரஹ்மத்துக்கு வலது முழங்கைக்குக் கீழே தீக்காயம் என்றும், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு, வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் மூச்சு வந்தது.

"தீ சின்னதுதான் அண்ணாச்சி. நானே அணைச்சிருப்பேன். அந்த உப்பளத்துப் பொம்பளையாளுவ ஓடி வந்து, பாத்தியில கெடந்த உப்புத்தண்ணிய குடம் குடமா மோந்து ஊத்திட்டாளுவ. அதுலதான் மொத்தமும் போச்சு. அந்த உப்பளத்துக் கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கடையைத் திறந்து, தனியாக உட்கார்ந்து அந்த ஒயர் கட்டைப் பிரித்தேன். நான் போட்ட மூன்று ஜாயிண்டும் அப்படியே இருந்தன. அங்கிருந்து நான்கு விரற்கடை தள்ளித்தான் தீ தொடங்கியிருந்தது. அந்தத் தடித்த ஒயரின் பிளாஸ்டிக் வெடித்து, செம்பு வெளியே தெரிந்து, பக்கத்து இரும்பில் ஒட்டி உருகி ஒரு மணியாக உருண்டு நின்றது. வழியில் ஃப்யூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே அறுந்து காப்பாற்றியிருக்கும்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? போனை எடுத்து என் ஜாயிண்டுகளை மட்டும் போட்டோ எடுத்தேன். யாராவது கேட்டால் காட்டலாம் பாருங்கள். நான் தொட்ட இடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது. நம் தொழிலில் இப்படி ஒரு வசதி உண்டு. பொய்யே சொல்லாமல் தப்பித்துவிட முடியும்.

பத்து மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்றார். காலில் முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஜெபமணி அண்ணாச்சி நீங்கதானா? அந்தச் செவப்புக் காரு இங்கனதான் நிக்குதா?"

"ஆமா. நீங்க யாரு?"

"தண்ணி ஊத்துனவ. பேச்சியம்மா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "கார்க்காரரு சத்தம் போட்டுட்டுப் போனாருன்னு கணக்கப்பிள்ளை என்னைய நிப்பாட்டிட்டாரு. பிரச்சனை தீருத வரைக்கும் வர வேண்டாம்னுட்டாரு. அதுக்கு நான் உங்ககிட்ட வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் ஊத்தலன்னா அந்தக் காரு பொழச்சிருக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "அந்தப் பொண்ணு உள்ள கெடந்து இருமுது. பெல்ட்டு கழறல. கார்க்காரரு முன்னாடி மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு என்னத்தையோ பிடுங்கிக்கிட்டு நிக்காரு. நாந்தான் பெல்ட்ட அமுக்கி, இழுத்து வெளிய போட்டேன். அதுக்கப்புறந்தான் எல்லாரும் தண்ணி ஊத்துனோம். அங்கன வேற தண்ணிக்கு எங்க போவ?"

பேட்டரி முன்பக்கம் இருக்கும் கார் அது. காக்கா பேட்டரி கம்பியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். மனைவி உள்ளே இருக்கும்போது முதலில் காரிடம் ஓடியிருக்கிறார். நேற்று அந்த உப்புத் தண்ணீர்மேல் அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீங்க ஊத்தலன்னா மொத்தக் காரும் எரிஞ்சிருக்கும்மா. பெட்ரோல் பைப்பு ஒரு சாண் தள்ளித்தான் போவுது," என்றேன்.

"அப்ப இத அவருகிட்டச் சொல்லுவீங்களா?"

அவர் குரலில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோல் கேட்டார். சொன்னால் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தப்பு தண்ணீர்மேல் இல்லையென்றால், முதலில் தீ எதனால் பிடித்தது? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஆனாலும் அந்த அம்மா முன்னாலேயே மஹ்மூது காக்காவுக்குப் போன் போட்டு, உடனே வாருங்கள் என்றேன். அவர் வரும்வரை பேச்சியம்மா வாசல் நிழலில் நின்றுகொண்டே இருந்தார்.

காக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். பேச்சியம்மாவைப் பார்த்ததும் முகம் மாறியது. காக்காவை நேராகக் காரின் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"இதான் தீப்பிடிச்ச இடம் காக்கா. தண்ணி படுததுக்கு முன்னாடியே வெந்து நின்ன ஒயரு. முந்தாநாள் நான் இத வளைக்கும்போது நொறுங்குத சத்தம் கேட்டுது. பிரிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். பாக்காம உங்க கையில சாவியக் குடுத்துட்டேன்."

"கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டும் குடுத்தீங்க."

"ஆமா."

"என் வீட்டுக்காரி உள்ள இருந்தா அண்ணாச்சி."

தலையைக் குனியாமல் நின்றேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது பேச்சியம்மா வாசலில் இருந்தபடி கேட்டார். "அந்தப் பொண்ணு கை இப்ப எப்படி இருக்கு?"

காக்கா திரும்பினார். அந்த அம்மாவின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கட்டுப் போட்டிருக்கு. ஆறிரும்னு சொல்லுதாங்க," என்றார். பிறகு, "வாங்க, உப்பளத்துக்குப் போவோம். கணக்கப்பிள்ளைகிட்ட நானே சொல்லுதேன்," என்றார்.

"நான் பஸ்ல வாரேன். நீங்க முன்னாடி போங்க," என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா நடந்தார். அடுத்த நாளே அவரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

காக்கா காரை வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார். "வேற ஆளுகிட்டப் போனா அவனும் அவசரத்துல எதையாவது விடுவான். விட்டத ஒத்துக்கிடுவானான்னு தெரியாது. நீங்களே செய்ங்க. ஆனா நான் பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் காலையில் வந்து மாலை வரை இருந்தார். ஐந்தாவது நாளிலிருந்து அவரும் கையில் டார்ச் பிடித்துக்கொண்டார்.

வேலையை விவரமாகச் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்ததை மட்டும் சொல்கிறேன். கரிந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஒரு முழம் தள்ளி வெட்டினேன். அங்கே பச்சை பூத்திருந்தது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, உப்புத் தண்ணீர் பிளாஸ்டிக்குக்குள்ளேயே செம்பு இழைகள் வழியாக ஏறிப் போயிருந்தது. மேலே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். இன்னொரு முழம் வெட்டிப் பார்க்கலாம் என்றுதான் கை போனது. மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல இடம் வரும் வரும் என்று வெட்டிக்கொண்டே போனால், எங்கேயோ ஓரிடத்தில் களைத்துப்போய் இதுவே போதும் என்று விட்டுவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. என்ஜினில் தொடங்கி டேஷ்போர்டு வரை ஒயர் கட்டு முழுவதையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பினேன். அதை அளவு பார்த்து, சூடு தாங்கும் ஒயரில் புதிதாக ஒரு கட்டுச் செய்தேன். எக்ஸாஸ்ட் பக்கமே போகாதபடி வழியை மாற்றினேன். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்யூஸ் போட்டேன். தகடு என் வேலை இல்லை, தகடு தட்டும் டிங்கர் வேலை என்று முதல் தடவை விட்டிருந்தேன். இந்தத் தடவை டிங்கரிடம் நானே போய் நின்று, அளவு சொல்லி, தட்டி வாங்கி வந்து மாட்டினேன்.

காக்கா வளைகுடாவுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கார் ஸ்டார்ட் ஆனது. விளக்கு எல்லாம் எரிந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். நான் கடைசியாக ஒருமுறை டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது மூலையில், பழைய கட்டோடு சேர்ந்த ஒரு கனெக்டரின் பின்களில் மாவு தூவியது போல வெள்ளை.

"எல்லாம் வேலை செய்யுதே அண்ணாச்சி. அது ஒண்ணுதான. அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்," என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆசை கண்ணை எப்படி மறைக்கும் என்று எனக்குத் தெரியாதா? எழுந்து உட்கார்ந்து சொன்னேன். "காக்கா, நீங்க பயணம் கெளம்புங்க. காரு இங்கனயே நிக்கட்டும். இதையும் இதுக்குப் பின்னாடி இருக்கதையும் மாத்தாம நான் சாவி தர மாட்டேன்."

"என் காரு அண்ணாச்சி."

"உங்க காருதான். வேல என்னோடது."

எழுந்து வெளியே போய்விட்டார். போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "டிக்கெட்ட நாலு நாள் தள்ளிப் போட்டாச்சு. டார்ச்ச எங்க வச்சீங்க?" என்றார். அந்தக் கனெக்டருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அதே நிலையில் இருந்தன. மூன்றையும் மாற்றினோம்.

நான்காம் நாள் நண்பகல் வெயிலில் காரை வெளியே நிறுத்தி இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒயர் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். பிறகு காக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, எட்டி இடது கதவைத் திறந்துவிட்டார். ரஹ்மத் உட்கார்ந்திருந்த சீட். ஏறி உட்கார்ந்தேன்.

திருச்செந்தூர் ரோட்டில் போனோம். என்ஜின் என் முதுகுக்குப் பின்னால் ஓடியது. எத்தனையோ வண்டிகளை முடித்து அனுப்பியிருக்கிறேன். என் வேலைக்கு ஒரு சாண் தூரத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்து போனது அன்றுதான். முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டும்போது காக்கா வேகத்தைக் குறைத்தார். பழையகாயல், முக்காணி, ஆத்தூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினோம். ஒரு நாற்றம் இல்லை, ஒரு திணறல் இல்லை. ஆறுமுகநேரி வந்தபிறகுதான் என் உள்ளங்கை இரண்டும் வியர்த்திருந்ததைப் பார்த்தேன்.

காயல்பட்டினத்தில் அவர் வீட்டு முன்னால் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. ரஹ்மத் பக்கத்து முடுக்குச் சந்து வழியாக வந்து நின்றார். கையில் கட்டு சிறியதாகியிருந்தது. நான் இறங்கிக்கொண்டேன்.

"நீங்கதான் சத்தம் கேட்டும் விட்டவுகளா?" என்றார்.

"ஆமாம்மா. நான்தான். மன்னிச்சிருங்க."

"இனி தீப்பிடிச்சா எப்படி நிப்பாட்ட?" என்று கேட்டார். "அன்னைக்கு இவங்க பேட்டரிய பிடுங்கப் போனாங்க. எனக்கு என்ன செய்யன்னே தெரியல."

இரண்டு சீட்டுக்கும் நடுவில் நான் ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்திருந்தேன். முன்பு அந்தக் காரில் அது கிடையாது, காக்கா கேட்கவும் இல்லை. இடது சீட்டில் உட்காருபவர் கைக்கு எட்டும் அளவில் வைத்தேன். "இத ஒரு திருப்பு திருப்புனாப் போதும். பேட்டரி, என்ஜின் மொத்தமும் செத்துரும். சாவி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். நீங்களே நிப்பாட்டிரலாம்," என்றேன்.

ரஹ்மத் குனிந்து, கட்டுப் போட்ட கையாலேயே அதைத் திருப்பினார். என்ஜின் பட்டென்று நின்றது. தெருவே அமைதியானது. மறுபடி நேராக்கிவிட்டு, "இப்ப போடுங்க," என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். ஸ்டார்ட் ஆனது. மறுபடி திருப்பினார். நின்றது. மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்தார். மஹ்மூது காக்கா பொறுமையாக மூன்று தடவையும் சாவியைத் திருப்பினார்.

பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, ஒருமுறை கழற்றிப் பார்த்து மறுபடி போட்டுக்கொண்டார்.

காக்கா என்னைத் தர்மசங்கடத்தோடு பார்த்தார். "அண்ணாச்சி, ரெண்டு சீட்டுதான் இருக்கு..."

"நான் பஸ்ல போயிருவேன். நீங்க கெளம்புங்க," என்றேன்.

கார் தெரு முனையில் திரும்பிக் கடற்கரைப் பக்கம் போனது. சத்தம் முழுசாகத் தேயும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.